மேடம் கேட்டால் என்ன சொல்ல

பிள்ளைக்குத் தலை பின்னும்போது அவள் முகம் நமக்குத் தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் முன்சீட்டும் பின்சீட்டும் மாதிரி இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அழுகிறாளா, வாய்க்குள் புளியங்கொட்டையைப் போட்டுச் சுவைக்கிறாளா, ஒன்றும் தெரியாது. காதைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மகள் சுபிக்குப் பயம் வந்தால் காது மடல் சுடும். இன்றைக்குச் சீப்பை வைத்ததுமே சுட்டது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன், நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. சரி, பயம்தான். எனக்கும்தான் பயம், என் காதை யார் தொட்டுப் பார்க்க. புறவாசலில் நான் மேல்படி, அவள் கீழ்படி, என் முட்டி இரண்டுக்கும் நடுவில் அவள் தோள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் பேன்சீப்பும் பச்சை ரிப்பனும். இன்றைக்கு ஒன்றியத்திலிருந்து ஒரு மேடம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். வாசிக்க வராத பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசி, இது சோம்பேறித்தனமா இல்லை உள்ளே வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் மேடம். வேறு ஏதோ இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் வாரா வாரம் ஆள் வந்து வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்களாம். இல்லை என்று சொல்லிவிட்டால் சுபி நாளையிலிருந்து ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை, மூக்கொழுகும் குஞ்சுகளுக்கு நடுவில், பாயில். "அவ வாயத் தொறக்க மாட்டேங்காம்மா. ஒரு வருசமாக் கேக்கேன், எங்கிட்டயே சொல்லல, புதுசா வார மேடம்கிட்டயா சொல்லப் போறா? நீங்க வந்து சொல்லுங்க. புத்தகத்தத் தொறந்தா அவளுக்கு என்ன ஆகுதுன்னு உங்களுக்குத்தான தெரியும்" என்று மெர்சி டீச்சர் வெள்ளிக்கிழமை வாசலில் வைத்துச் சொன்னார். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்துச் சொன்னார். பெற்றதனால் அல்ல எனக்குத் தெரிவது. புத்தகத்தைத் திறந்தால் எனக்கும் அதுதான் ஆகும், அதனால் தெரியும்.

ஆனால் என்ன ஆகும்? பால் காய்ச்சும்போதும் அதைத்தான் தேடினேன், மாவு ஊற்றும்போதும் அதைத்தான் தேடினேன், இப்போது சிக்கெடுக்கும்போதும் கை ஒரு பக்கம் போகிறது, நான் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். சொல்ல எனக்குப் பேச்சு வராமல் இல்லை. செல்லக்கனி வாயைத் திறந்தால் பிணத்துக்குக்கூடச் சிரிப்பு வரும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. போன பருவத்தில் மெர்சி டீச்சர் இதே கேள்வியைக் கேட்டார். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது டீச்சர். நீங்கதான் புத்தகத்துல சீனியத் தூவி வச்சிருக்கீங்களோ என்னமோ" என்றேன். டீச்சர் அப்படிச் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பக்கத்து அறை சார் என்ன என்ன என்று எட்டிப்பார்த்தார், அவருக்கும் ஒரு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை சொல்லும்போது விரலால் எறும்பு ஓடுகிற மாதிரி மேஜையில் செய்துகாட்டினேன், அவரும் சிரித்தார். சுபி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, என்னைப் பார்த்துப் பார்த்து, நான் எவ்வளவு சிரிக்கிறேனோ அவ்வளவு. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது, அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று. எறும்பு ஓடுகிறது என்பது பொய். எழுத்து எங்கேயும் ஓடவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொன்னேன், கேட்பவர்களுக்கும் அது பிடிக்கிறது, கண்ணுக்கு முன்னால் ஒரு படம் தெரிகிறது அல்லவா. கோயில் கொடைக்கு வருகிற ராட்டினத்தில் உட்கார்ந்து கடைப் பலகையைப் பார்த்த மாதிரி என்று சொல்லலாமா? அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, அதுவும் பொய்தான். தலை சுற்றவும் இல்லை. பட்டியைத் திறந்ததும் பாய்கிற ஆட்டுக்குட்டி மாதிரி? ஐயோ, அதை நான் சொல்ல ஆரம்பித்தால் மே என்று கத்தியும் காட்டிவிடுவேன். இந்த மாதிரி, அந்த மாதிரி என்று நான் எதைப் பிடித்தாலும் அது கையில் வரும்போது விளையாட்டுச் சாமானாகத்தான் வருகிறது.

சிக்கு நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் விழுந்து குளித்தது, துவட்டாமல் படுத்துவிட்டாள். நுனியிலிருந்து மேலே மேலே எடுத்துக்கொண்டு வருகிறேன், வலித்தாலும் அவள் ஆ என்று சொல்வதில்லை, தலையை மட்டும் கொஞ்சம் பின்னுக்குக் கொடுப்பாள். கிணறு என்றதும் எனக்கு என் கிணறு ஞாபகம் வந்துவிடுகிறது. என் கிணறு புத்தகத்தில் இருந்தது. எங்கள் அக்கா என்னைவிட ஒரு வகுப்பு மேலே, சாயங்காலம் விளக்கு முன்னால் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடம் வாசிப்பாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பேன், ஒரு தடவை கேட்டால் போதும், எனக்கு அப்படியே நிற்கும். அடுத்த வருஷம் அவள் வகுப்புக்கு நான் போகும்போது பாடமெல்லாம் ஏற்கெனவே எனக்குள் இருக்கும். புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்ப்பேன், இந்தப் படத்துக்கு இந்தப் பாடம் என்று வாய் போய்விடும், விரலை மட்டும் வரிமேல் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அப்படியேதான் ஒவ்வொரு வகுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் பாடப்புத்தகத்தை மாற்றிவிட்டார்கள். மாற்றியது எனக்கு எப்படித் தெரியும்? அட்டை வேறாக இருந்தது, அட்டை எப்போதும்தான் வேறாக இருக்கும். கனகராஜ் சார் "செல்லக்கனி, அடுத்த பாடம் வாசி" என்றார். திறந்தேன். கிணற்றுப் படம். கிணறு எனக்குத் தெரியும், ஒரு ராஜா ஊருக்குக் கிணறு வெட்டப் போய், தண்ணீர் வராமல் வெட்டிக்கொண்டே இருப்பார், அக்கா அதை ராகம் போட்டு வாசிப்பாள். நான் நிமிர்ந்து நின்றுகொண்டு வாசித்தேன். ராஜா மண்வெட்டியை எடுத்தார், மந்திரி குடையைப் பிடித்தார், என் விரல் வரிமேல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் நன்றாக வாசிக்கிறேன் என்று எனக்கே ஒரு பூரிப்பு. வகுப்பு அமைதியாகிவிட்டது, அதையும் பூரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். புதுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இருந்தது மழைநீர் சேமிப்பு. ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை. சார் என் பக்கத்தில் வந்து புத்தகத்தைக் குனிந்து பார்த்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, இது எந்த ஊருப் புத்தகம்? உனக்குன்னு தனியா அச்சடிச்சுக் குடுத்தாவளோ?" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்த ஒரு நொடியில், அதை எப்படிச் சொல்ல, என் முன்னால் இரண்டு வழி இருந்தது, ஒன்று அழுவது. நான் மற்றதில் போனேன். "ராஜா வெட்டுன கெணறு சார், மழ வந்து ரொம்பிட்டு" என்றேன். சாரே சிரித்துவிட்டார். ஓங்கிய கையை இறக்கிவிட்டார். சிரிக்கிற பிள்ளையை யாரும் அடிப்பதில்லை, சிரிக்க வைக்கிற பிள்ளையை யாரும் மறுபடி வாசிக்கச் சொல்வதும் இல்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தச் சிரிப்பு வழி. அன்றைக்குப் பிறகு நான் வாசிக்கவே இல்லை.

எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தமாட்டார்கள், அதனால் எட்டு வரைக்கும் போனேன். ஒன்பதில் தேறாமல் தட்டியது, தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தேன். லேபிள் ஒட்டுகிற இடத்தில் படம் நேராக இருந்தால் போதும். கல்யாணம் ஆனது, அவர் லோடு வண்டி ஓட்டுகிறார், இப்போதுகூட சரக்கு ஏற்றிக்கொண்டு எங்கேயோ மலைப்பாதையில் இருப்பார். எனக்கு எழுத்து வராது என்று அவருக்குத் தெரியும், போனில் எழுதி அனுப்பமாட்டார், பேசித்தான் அனுப்புவார். "நீ பேப்பர் படிக்காததே நல்லதுபிள்ள, வீட்ல ஒருத்தராவது நிம்மதியா இருக்கணும்லா" என்பார். நானும் சிரிப்பேன். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற சாமியை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன், முருகன் என்றால் சங்கரன்கோவில், வேளாங்கண்ணி மாதா என்றால் கோவில்பட்டி. மாத்திரை அட்டையை நிறத்தை வைத்து. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், "கண்ணாடி கொண்டாரல மயினி, நீங்களே வாசிங்க, உங்க வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்" என்பேன், இந்த வயதில் எனக்கு எதற்குக் கண்ணாடி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சில நாள் மத்தியானம், வீட்டில் ஆள் இல்லாத நேரம், கடலை மடித்து வந்த காகிதத்தை நீவித் தரையில் விரித்துவைத்துப் பார்ப்பேன். ஒரு சொல்லைப் பிடிப்பேன். கொம்பு முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால் வர வேண்டும், கொம்பைப் பார்த்ததுமே வாய் எதையாவது ஆரம்பித்துவிடும், பிறகு திரும்பி வர வேண்டும். கால் போட்டிருக்கிறதா, இல்லை அது கால் அல்ல, ர-வா. ஒவ்வொன்றாக விரல் வைத்து, வியர்த்து, கடைசியில் ஒரு சொல் வந்துவிடும். மருந்து. அல்லது கடிதம். வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு குதி குதிக்கும். அடுத்த சொல்லைப் பிடிக்கப் போவேன், அதற்கும் அடுத்தது, அதைப் பிடிக்கிற நேரம் முதல் சொல் கையை விட்டுப் போயிருக்கும். திரும்பிப் போனால் அது யாரோ மாதிரி நிற்கும். கல்யாண வீட்டில் ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டு "என்னத் தெரியுதா?" என்று கேட்பாளே, முகம் தெரிந்த முகம்தான், பேர் மட்டும் வராது, "தெரியாம என்ன" என்று இளித்துக்கொண்டே நிற்போமே, அப்படி. பக்கம் முழுக்க அப்படிப்பட்டவர்கள். ஒவ்வொருத்தரும் கையைப் பிடித்துக் கேட்கிறார்கள். நான் இளித்துக்கொண்டே போகிறேன். இதை மேடத்திடம் சொல்லலாம். இது உண்மை. ஆனால் சொல்லும்போது நான் அந்த இளிப்பைச் செய்துகாட்டாமல் இருப்பேனா? செய்துகாட்டினால் முடிந்தது. மேடம் வீட்டுக்குப் போய் அவர் வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார், சுபி பாயில் போய் உட்காருவாள்.

உச்சி எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தாயிற்று, இடது பக்கத்தை மூன்று கால் எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். இவளுக்கு நான் வைத்த பேரே எனக்கு எழுத வராது. சுபிக்ஷா. நாத்தனார் தேடிக் கண்டுபிடித்த பேர், நடுவில் ஒரு எழுத்து இருக்கிறது, அதைப் பார்த்தாலே நாற்காலி கவிழ்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும். இவளும் அதைத்தான் முழுங்கிவிட்டு எழுதுகிறாள். பிறந்தபோது கையைக் காலைப் பார்த்தோம், நிறம் பார்த்தோம், தலையில் சுழி பார்த்தோம். அவர் மூக்கு, என் நெற்றி என்றார்கள். என்னிடமிருந்து இது போயிருக்கும் என்று யார் பார்த்தது. அதுகூடப் பரவாயில்லை. எழுத்து வராமல் நான் என்ன செத்தா போய்விட்டேன்? எனக்குப் பயம் வந்தது அதனால் இல்லை. போன வாரம் இவள் பையைக்கூட இறக்காமல் ஓடிவந்தாள். "எம்மா, இன்னைக்கு டீச்சர் என்னயப் பூனைப் பாடம் வாசிக்கச் சொன்னாவளா, நான் எந்திச்சு நின்னு மியாவ்னேன். பாடம் பூராம் மியாவ் மியாவ்னே வாசிச்சேன். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாவ. டீச்சர்கூடச் சிரிச்சுட்டாவ. 'நீ நடிகையாத்தாம்ட்டி போவ'ன்னாவ." கண்ணெல்லாம் பளபளவென்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூனை மாதிரி மறுபடி செய்துகாட்டினாள். நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், என் பிள்ளை, என்ன சாமர்த்தியம். "அப்புறம் வாசிச்சியா?" என்றேன். "வாசிக்கச் சொல்லலம்மா" என்றாள், பரிசு வாங்கிவந்தது போல. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது எனக்கு. சட்டியில் வெங்காயம் தீய்ந்தது. அந்த வழியை நான் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே, எப்படி வந்து சேர்ந்தாள்? தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாளே, அப்போதா. அதற்கும் முன்னாலா, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதெல்லாமா. அந்த வழியில் போனால் யாரும் அடிக்கமாட்டார்கள், யாரும் திட்டமாட்டார்கள், எல்லாருக்கும் பிடிக்கும், கடைசி வரைக்கும் ஒருத்தரும் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகிறது உனக்கு என்று கேட்கமாட்டார்கள். கேட்டாலும் சொல்ல வராது. இதோ எனக்கு வரவில்லையே. இருபத்தெட்டு வயதில், உலகத்தில் உள்ள பேச்செல்லாம் பேசிவிட்டு, ஒரே ஒரு கேள்விக்கு.

இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, தலை பின்னுக்கு வந்தது. தளர்த்தி மறுபடி பின்னினேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது, சைக்கிள் மணி, யாரோ யாரையோ ஏலேய் என்று விரட்டுகிற சத்தம். மேடம் எப்படி இருப்பார்? கண்ணாடி போட்டிருப்பாரா, பருத்திச் சேலை கட்டியிருப்பாரா, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு "சொல்லுங்கம்மா" என்பாரா. அந்தச் "சொல்லுங்கம்மா"வை நினைத்தாலே வாய் ஓரம் தானாக இழுக்கிறது, சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது, நான் கூப்பிடாமலே. தும்மல் மாதிரி. சரி, இவளிடமே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. ஏன் இதுவரை கேட்கவில்லை என்று பிறகுதான் நினைத்தேன். எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். "ஏட்டி சுபி" என்றேன். "ம்." "புத்தகத்தத் தொறந்தா உனக்கு எப்படிட்டி இருக்கும்?" இடது பின்னலுக்கு ரிப்பன் கட்டி மடித்துப் போட்டேன், வலது பக்கத்தைக் கையில் எடுத்தேன். தெருவில் ஒரு ஆடு கத்திக்கொண்டு போனது. "எறும்பு ஓடுதாட்டி?" "இல்லம்மா." "பெறவு?" "எழுத்து சும்மாதான் இருக்கும்மா." குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "எல்லாம் அது அது இடத்துல சும்மாதான் நிக்கும். நான்தான் வழுக்குவேன். படித்தொறையில பாசி இருக்கும்லா, காலு வைக்கும்போது நல்லாத்தான் வைப்போம், வச்ச பெறகு வழுக்கும்லா, அப்படி. எல்லாரும் கடகடன்னு எறங்கிப் போவாவ. நான் மொத படியிலேயே நிப்பேன். கையப் பிடிக்க ஒண்ணும் இருக்காது."

இத்தனை வருஷம் காகிதத்தை விரித்துவைத்துத் தேடியது, காலையிலிருந்து தேடியது, என் முட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஆமாம், அதுதான். வைக்கும்போது நன்றாகத்தான் வைப்போம். வந்தது அழுகையாகத்தான் இருக்க வேண்டும், அது வாய் வரைக்கும் வந்து, அங்கே அதற்குப் பழகின வழி ஒன்றுதானே உண்டு. "அப்ப மேடம்கிட்ட, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பிளீச்சிங் பவுடர் பாக்கெட் வாங்கிப் போடச் சொல்லுவோமாட்டி? புத்தகத்தத் தேச்சுக் கழுவிருவோம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. சிரிப்பும் வந்துவிட்டது, என் சிரிப்பு, தெருவெல்லாம் பேர் வாங்கிய சிரிப்பு, புறவாசல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சுபி சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பாள். தோள் இரண்டும் என் முட்டிக்குள் கல்லாகிவிட்டன. நான் வாயை மூடினேன், மூடிய வாய்க்குள்ளும் அது கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. பாதிப் பின்னல் கையில் இருக்கிறது, விட்டால் அவிழ்ந்துவிடும், விடாவிட்டால் அவள் முன்னால் போய் உட்கார முடியாது. என்ன சொல்லலாம் என்று பார்த்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் கண்ணு என்றா. அவள் முன்னால் இருந்த வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் ஏதோ கீறினாள், காலால் அழித்தாள், மறுபடி கீறினாள். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. பிறகு அவள், தலையைத் திருப்பாமல், பின்னல் என் கையை விட்டு இழுபடாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா. அந்த மேடம் கேட்டா, நீ சிரிக்காம சொல்லும்மா."